செல்ஃப் அடிக்கிறது, எஞ்சின் ஏன் கிளம்பவில்லை?

'கிர்ர்... கிர்ர்... கிர்ர்...' என்ற ஓசையை நீங்கள் கட்டாயம் கேட்டிருப்பீர்கள். விடியற்காலையில் தெருவோரம் நிற்கும் பழைய காரோ வேனோ எழுப்பும் ஓசை அது. ஓட்டுநர் சாவியைத் திருகுகிறார். உள்ளே ஏதோ சுழல்கிறது. வண்டி இலேசாக அதிரவும் செய்கிறது. ஆனால் எஞ்சின் உயிர்பெற்று உறுமும் அந்த ஒலி மட்டும் வருவதில்லை. நம் பக்கத்தில் இதை, "செல்ஃப் அடிக்குது, ஸ்டார்ட் ஆகல" என்பார்கள். நோயைப் பற்றிய பாதி விவரம் இந்த நான்கு சொற்களுக்குள்ளேயே இருக்கிறது. மீதிப் பாதியைக் கண்டுபிடிப்பதில் நான் ஒருமுறை தோற்றுப்போனேன். அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

2004-ஆம் ஆண்டு மார்ச் மாதம். நான் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. செவ்வாப்பேட்டையில் எங்கள் அடுத்த வீட்டு அண்ணன் ஒரு பழைய பெட்ரோல் காரை வாடகைக்கு ஓட்டி வந்தார். அன்று பிளஸ் டூ இயற்பியல் தேர்வு. அண்ணனின் மகளும் அவளுடைய தோழிகள் இருவரும் திருவள்ளூரில் உள்ள தேர்வு மையத்துக்கு அந்தக் காரில் போவதாக ஏற்பாடு. மணி எட்டரை. அண்ணன் சாவியைத் திருகினார். கிர்ர்... கிர்ர்... மறுபடியும் திருகினார். அதே ஓசைதான்.

ஐந்தாறு முறை ஆனதும் அண்ணி கடிகாரத்தைப் பார்த்தார். "இதை நம்பி உட்கார்ந்திருந்தா பரீட்சை முடிஞ்சுடும். ஸ்டேஷனுக்கு நடங்கடி" என்றார். சரியான முடிவு. செவ்வாப்பேட்டை ரோடு நிலையத்தில் மின்சார ரயில் ஏறினால் அடுத்து புட்லூர், அதற்கடுத்து திருவள்ளூர். பிள்ளைகள் ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினார்கள். போகிற போக்கில் அண்ணன் மகள் என்னைப் பார்த்து, "சித்தப்பா, நீங்க பிசிக்ஸ் வாத்தியார்தானே? இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அது கேலியா, வேண்டுகோளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அண்ணனின் முகம் வாடியிருந்தது. தேர்வு மட்டும் காரணமன்று. ஒரு வாரமாகவே கார் கிளம்ப அடம்பிடித்து வந்தது. ஒரு பட்டறையில் பெட்ரோல் பம்ப்தான் கெட்டுவிட்டது என்று சொல்லிப் புதிய பம்பைப் போட்டிருந்தார்கள். பல நாள் சவாரியில் கிடைத்த பணம் அதிலேயே போய்விட்டது. நோய் மட்டும் போகவில்லை.

ஓசை சொல்லும் சேதி

முதலில் அந்தக் 'கிர்ர்' ஓசையைக் கவனிப்போம். எஞ்சின் தானாகவே சுழலத் தொடங்குவதில்லை. யாராவது அதை ஒருமுறை சுற்றிவிட வேண்டும். பழங்காலத்தில் காரின் முன்புறம் இரும்புக் கைப்பிடியைச் செருகிக் கையால் சுற்றினார்கள். எஞ்சின் எதிர்ப்பக்கமாக உதைத்துச் சுற்றியவரின் கை எலும்பு முறிவதும் உண்டு. சார்ல்ஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டு மாடல் காடிலாக் கார்களில் வந்த பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. நம் 'செல்ஃப்' அந்தக் கருவிதான்.

ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினை நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்று என்ற வேகத்தில் சுழற்றுகிறது. எஞ்சின் கிளம்பிச் சும்மா நிற்கும்போதே அதன் வேகம் நிமிடத்துக்கு 700, 800 சுற்று இருக்கும். ஆகவே செல்ஃப் அடிப்பதை எஞ்சின் ஓடுவதாக எண்ணிவிடக் கூடாது. சைக்கிள் பழகும் பிள்ளையைப் பின்னாலிருந்து தள்ளிவிடுவதைப் போன்றது அது. பெடலை மிதிப்பது பிள்ளையின் வேலை.

சிறிய காரில்கூட ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் அளவு மின்னோட்டத்தை இழுக்கும். நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது அதன் மின்னியக்கு விசை சுமார் 12.6 வோல்ட். ஸ்டார்ட்டர் சுழலும்போது முனைகளில் அளந்தால் 10.2 வோல்ட் இருப்பதாகக் கொள்வோம். மீதி 2.4 வோல்ட் எங்கே போயிற்று? பேட்டரியின் அகத்தடையில் செலவாயிற்று. 2.4-ஐ 150-ஆல் வகுத்தால் 0.016 ஓம். வகுப்பில் நீங்கள் போடும் அதே கணக்குதான். இப்போது பேட்டரி முனையில் வெண்பச்சையாக உப்புப் பூத்து, அதனால் 0.05 ஓம் தடை கூடுதலாகச் சேர்ந்தால் என்ன ஆகும்? 100 ஆம்பியர் ஓடினாலே அந்த உப்பில் மட்டும் 5 வோல்ட் தொலைந்துவிடும். அறையில் ஒரு விளக்கை எரிக்க இந்த 0.05 ஓம் ஒரு பொருட்டே அல்ல. ஸ்டார்ட்டருக்கோ அது பெரிய சுவர். செல்ஃப் 'கிர்... ... கிர்...' என்று தள்ளாடினால் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும்.

அண்ணனின் கார் அப்படித் தள்ளாடவில்லை. சீரான வேகத்தில், ஒரு தாளத்தோடு சுழன்றது. அந்தத் தாளமும் ஒரு சேதி சொல்கிறது. ஒவ்வொரு பிஸ்டனும் மேலே வரும்போது காற்றை அமுக்க வேண்டியிருப்பதால் வேகம் சற்றுத் தணிகிறது. அமுக்கிய பின் மீண்டும் எழுகிறது. ஆகவே தாளம் இருந்தால் அமுக்கமும் இருக்கிறது என்று கொள்ளலாம். வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்த எஞ்சினில் இந்தத் தாளம் கேட்பதில்லை. தையல் எந்திரத்தில் துணியில்லாமல் ஓட்டுவதுபோல் 'விர்ர்' என்று ஒரே சீராகச் சுழலும். காதை மட்டும் கொண்டே பேட்டரி, ஸ்டார்ட்டர், அமுக்கம் என்ற மூன்றையும் நாம் ஓரளவு சோதித்துவிட்டோம்.

"கரண்டா, பெட்ரோலா?"

இனி எஞ்சின் ஓடத் தேவையானவை சரியான அளவில் கலந்த காற்றும் எரிபொருளும், சரியான நேரத்தில் ஒரு தீப்பொறியும்தான். நம் ஊர் மெக்கானிக்குகள் இதைச் சுருக்கி, "கரண்டா, பெட்ரோலா?" என்று கேட்பார்கள். உலகின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணத்திலேயே இந்த இரண்டு கோளாறுகளும் வந்துவிட்டன. 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மையார், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமலேயே அவர் செய்த மூன்று சக்கர ஊர்தியில் தம் இரு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, ஜெர்மனியில் மன்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப்போனார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் செருகியிருந்த நீண்ட ஊசியால் அடைப்பை நீக்கினார். பின்னர் தீப்பொறிக்கான கம்பியில் மின்காப்புத் தேய்ந்துபோயிற்று. காலுறையைக் கட்டும் நாடாவை அதன்மேல் சுற்றி மின்கசிவைத் தடுத்தார். ஒன்று பெட்ரோல் கோளாறு, மற்றது கரண்டு கோளாறு. பட்டறை என்பதே இல்லாத காலத்தில் அவர் இரண்டையும் தாமே கண்டுபிடித்தார்!

நானும் அதே வரிசையில்தான் போனேன். எஞ்சினிலிருந்து ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். அதன் முனை ஈரமாக இருந்தது. பெட்ரோல் மணம் வீசியது. ஆக, பெட்ரோல் வருகிறது. ஒரு வாரத்துக்கு முன் மாற்றிய பம்ப் குற்றவாளியன்று என்பது இந்த ஒரே பார்வையில் தெளிவாயிற்று. அடுத்து, பிளக்கை நன்றாகத் துடைத்து, அதன் கம்பியிலேயே மாட்டி, பிளக்கின் உடல் எஞ்சினின் இரும்பைத் தொடும்படி வைத்து, அண்ணனைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். முனையில் 'டிக்... டிக்' என்று பொறி தெறித்தது.

(ஒரு முக்கியமான சொல். இதை நீங்கள் தனியே செய்து பார்க்காதீர்கள். பெட்ரோல் ஆவி சூழ்ந்த இடத்தில் வேண்டுமென்றே தீப்பொறி உண்டாக்குகிறோம் என்பதை நினைவில் வையுங்கள். அந்தக் கம்பியில் வருவது ஆயிரக்கணக்கான வோல்ட். தொழில் தெரிந்த பெரியவர் செய்யும்போது தள்ளி நின்று பாருங்கள். கதவு மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட்டவும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.)

பெட்ரோல் இருக்கிறது, பொறியும் இருக்கிறது, அமுக்கமும் இருக்கிறது. எஞ்சியிருப்பது 'சரியான நேரம்' ஒன்றுதான். "அண்ணே, டைமிங் போயிடுச்சு" என்று தீர்ப்புக் கூறிவிட்டேன். எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்ற அர்த்தத்தில் அண்ணன் அதைக் கேட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். என் தர்க்கத்தில் ஓட்டை இருக்கிறதா என்று நீங்களும் ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். எனக்கு அப்போது ஒன்றும் தெரியவில்லை.

குறட்டில் பிடித்த கம்பி

பத்து மணிக்கு வேப்பம்பட்டிலிருந்து ஒரு முதிய மெக்கானிக் சைக்கிளில் வந்து சேர்ந்தார். நான் செய்த சோதனைகளைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "பொறி எந்த நிறத்துல வந்துச்சு, தம்பி?" என்று மட்டும் கேட்டார். நான் நிறத்தைக் கவனிக்கவே இல்லை.

காயிலிலிருந்து வரும் தடித்த கம்பியை உறையிட்ட குறட்டால் பிடித்து, அதன் முனையை எஞ்சின் இரும்பிலிருந்து ஆறேழு மில்லிமீட்டர் தள்ளி வைத்துக்கொண்டு, "அடிங்க" என்றார். கிர்ர்... கிர்ர்... பொறி தாண்டவில்லை. மெல்லக் கிட்டே கொண்டுபோனார். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி வந்த பிறகே சிவப்பாக, நூல்போல மெலிந்த ஒரு பொறி தெரிந்தது. "நல்ல பொறின்னா நீலமா, படீர்னு சத்தத்தோட தாண்டணும். இது உள்ளே போனா செத்துடும்" என்றார்.

'உள்ளே போனா செத்துடும்!' நான் வகுப்பில் அரைமணி நேரம் விளக்கியிருக்கக்கூடிய செய்தி அது. சாதாரண அழுத்தமுள்ள காற்றில் பொறி தாண்ட, ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். பிளக்கின் இடைவெளி முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆகவே வெளியில் வைத்துப் பார்க்கும்போது இரண்டாயிரம், மூவாயிரம் வோல்ட் இருந்தாலே பொறி தெறித்துவிடும். ஆனால் பிளக் வேலை செய்யும் இடம் வெளியில் இல்லையே! சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை எட்டில் ஒரு பங்காக அமுக்கியிருக்கும்போது பொறி அதைத் தாண்டியாக வேண்டும். அமுக்கிய வாயுவில் மூலக்கூறுகள் நெருங்கிக் கிடக்கின்றன. ஓர் எலெக்ட்ரான் வேகம் பெறுவதற்குள் எதன் மீதாவது மோதிவிடுகிறது. எனவே அதே இடைவெளியைத் தாண்டப் பல மடங்கு மின்னழுத்தம், அதாவது பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேல், தேவைப்படுகிறது. இடைவெளி, அழுத்தம் இரண்டின் பெருக்கற்பலனைப் பொறுத்தே பொறி தாண்டும் மின்னழுத்தம் அமைகிறது என்பதைப் பாஷன் என்ற ஜெர்மானிய அறிஞர் 1889-லேயே அளந்து காட்டியிருக்கிறார். அமுக்கிய காற்றில் முக்கால் மில்லிமீட்டருக்குச் சமமான சுமையைத் திறந்த வெளியில் கொடுக்க வேண்டுமானால் ஆறேழு மில்லிமீட்டர் இடைவெளி வைக்க வேண்டும். பாஷனின் பெயரைக் கேட்டிராத அந்தப் பெரியவர் குறட்டால் செய்த சோதனை அதுதான்! எளிதான சூழ்நிலையில் சோதித்துவிட்டு, கடினமான சூழ்நிலைக்குத் தீர்ப்புச் சொன்னது நான் செய்த பிழை.

பொறி ஏன் மெலிந்தது? பெரியவர் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, மறுபடி செல்ஃப் அடிக்கச் சொன்னார். உள்ளே இருக்கும் பாயிண்டில், திறந்து மூடும் அந்தச் சிறு உலோக முனைகளில், பளீர் பளீர் என்று வெண்ணீல ஒளி வெட்டியது. "பாருங்க, பிளக்குக்குப் போக வேண்டிய தீ இங்கேயே எரியுது. கண்டென்சர் போச்சு" என்றார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. தூண்டு சுருளின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து, 'இதில் மின்தேக்கியின் பயன் யாது?' என்று அந்த மாதம்தான் என் மாணவர்களுக்குக் கேள்வி கொடுத்திருந்தேன்.

காரின் காயிலும் ஒரு தூண்டு சுருள்தான். தடித்த கம்பியாலான முதன்மைச் சுருளில் மூன்று நான்கு ஆம்பியர் ஓடிக் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. பாயிண்ட் திறந்ததும் மின்னோட்டம் அறுபட்டுக் காந்தப்புலம் சரிகிறது. அதைவிட நூறு மடங்கு சுற்றுகள் கொண்ட துணைச்சுருளில் உயர் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. ஃபாரடேயின் விதிப்படி, காந்தப்புலம் எவ்வளவு விரைவாகச் சரிகிறதோ அவ்வளவு அதிகம் தூண்டப்படும். எனவே முதன்மைச் சுருளின் மின்னோட்டம் சட்டென்று நிற்க வேண்டும். ஆனால் அது எளிதில் நிற்காது. வேகமாக ஓடும் தண்ணீர்க் குழாயைத் திடீரென்று மூடினால் குழாய் 'டொம்' என்று அதிர்கிறதல்லவா? அதுபோல, அறுக்கப்பட்ட மின்னோட்டமும் தன்மின்தூண்டலால் இருநூறு முந்நூறு வோல்ட்டை எழுப்பிக்கொண்டு, அப்போதுதான் மயிரிழை அளவு திறந்த பாயிண்டைப் பொறியாகத் தாண்டி ஓடிக்கொண்டே இருக்கப் பார்க்கிறது. அப்படி ஓடினால் காந்தப்புலம் மெல்லத்தான் சரியும். துணைச்சுருளில் இருபதாயிரம் வோல்ட்டுக்குப் பதிலாகச் சில ஆயிரமே கிடைக்கும்.

இந்த இடத்தில்தான் மின்தேக்கி வேலைக்கு வருகிறது. பாயிண்டுக்குப் பக்க இணையாகச் சுமார் 0.2 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று இருந்தால், மின்னோட்டம் பாயிண்டைத் தாண்டுவதை விட்டு அதற்குள் பாய்கிறது. அது நிரம்புவதற்குள் பாயிண்ட் தாண்ட முடியாத அளவு அகன்றுவிடுகிறது. கட்டைவிரல் அளவுகூட இல்லாத ஒரு தகரக் குப்பி! புதியதைப் பூட்டினார். மறுபடி குறட்டில் கம்பியைப் பிடித்தார். இம்முறை பொறி நீலமாகப் 'படீர்' என்று தாண்டியது. பிளக்குகளை மாட்டி அண்ணன் சாவியைத் திருகியதும், இரண்டாவது சுற்றிலேயே எஞ்சின் எழுந்தது. பொருளின் விலை நாற்பது ரூபாய். பெரியவர் கூலியாக வாங்கியதும் அதிகமில்லை.

ஒரு வாரமாகச் சில வேளை கிளம்பியும் சில வேளை கிளம்பாமலும் இருந்ததற்கும் காரணம் உண்டு. செல்ஃப் அடிக்கும் நேரத்தில் பேட்டரியின் மின்னழுத்தம் இறங்குவதால் காயிலுக்குப் போகும் மின்னோட்டமும் குறைகிறது. எஞ்சினுக்குப் பொறி மிக அவசரமாகத் தேவைப்படும் அந்த நொடியில்தான் பொறி மிக மெலிந்திருக்கும்!

ஒளிந்துகொள்ளும் கோளாறுகள்

அன்றிலிருந்து, கிளம்பாத எஞ்சின் எதைப் பார்த்தாலும் என் மனத்தில் எழும் முதல் கேள்வி, 'சோதிக்கும் சூழ்நிலையும் வேலை செய்யும் சூழ்நிலையும் ஒன்றுதானா?' என்பதே. இந்தக் கேள்விக்குப் பிடிபடும் கோளாறுகள் பல.

சித்திரை வெயிலில் திருவள்ளூர்ப் பக்கம் வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். பெட்ரோல் பல நீர்மங்களின் கலவை. அதன் இலேசான பகுதிகள் 40 டிகிரிக்குள்ளாகவே கொதிக்கத் தொடங்கிவிடும். பழைய கார்களில் சூடான எஞ்சினை ஒட்டியே பம்ப் இருந்தது. காரை நிறுத்திவிட்டு ஒரு டீ குடித்துத் திரும்புவதற்குள் குழாயில் பெட்ரோல் ஆவியாகிக் குமிழியாக அடைத்துக்கொள்ளும். பம்ப் அந்த ஆவியை அமுக்கும், விடும், பெட்ரோல் நகராது. அந்தக் காலத்து ஓட்டுநர்கள் பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றுவார்கள். மண்பானைத் தண்ணீர் குளிர்வதற்கான அதே காரணத்தால் பம்பும் குளிர்ந்து ஆவி மீண்டும் நீர்மமாகும். ஒரு மணி நேரம் கழித்து மெக்கானிக் வந்து பார்த்தால் எந்தக் கோளாறும் இருக்காது!

இன்றைய கார்களில் பாயிண்டும் இல்லை, கண்டென்சரும் இல்லை. பம்ப் பெட்ரோல் டாங்கிக்குள் மூழ்கிக் கிடக்கிறது. சாவியைப் போட்டதும் பின்னிருக்கைப் பக்கத்திலிருந்து இரண்டு நொடி 'ம்ம்ம்' என்ற ஒலி கேட்டால் அது வேலை செய்கிறது என்று பொருள். பொறிக்கும் எரிபொருளுக்கும் ஆணையிடுவது ஒரு சிறு கணினி. அந்தக் கணினிக்குக் கண் ஒன்று உண்டு. கிராங்க் தண்டோடு சுழலும் ஒரு பற்சக்கரத்தின் அருகே காந்த உணர்வி ஒன்றை வைத்திருப்பார்கள். பல எஞ்சின்களில் 60 பற்களுக்கு இடமுள்ள சக்கரத்தில் 58 பற்களே இருக்கும். இரண்டு பல் இல்லாத வெற்றிடம் கடக்கும்போது, 'பிஸ்டன் இந்த இடத்தில் இருக்கிறது' என்று கணினி அறிகிறது. உணர்வி கெட்டால் எஞ்சின் சுழல்வதே கணினிக்குத் தெரியாது. பொறியும் தராது, பெட்ரோலும் தராது. செல்ஃப் அடிக்கும்போது சுற்று காட்டும் முள் சற்றும் அசையாவிட்டால் பல வண்டிகளில் இதைச் சந்தேகிக்கலாம்.

இந்த உணர்வியின் மெல்லிய கம்பிச் சுருளில் ஒரு முறிவு இருந்தால், சூட்டில் விரிந்து தொடர்பு அறும். குளிர்ந்ததும் தானே சேர்ந்துகொள்ளும். வண்டி நெடுஞ்சாலையில் நின்றுவிடும். இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனால் முதல் திருகிலேயே கிளம்பி உரிமையாளரைப் பொய்யராக்கும்! கணினியின் நினைவில் பதிவாகும் பிழை எண்ணைக் கருவி கொண்டு படிக்கலாம்தான். ஆனால் 'உணர்வியிலிருந்து செய்தி வரவில்லை' என்றுதான் அது சொல்லும். கெட்டது உணர்வியா, அதற்குப் போகும் கம்பியை எலி கடித்ததா என்று தேடுவது மனிதனின் வேலை.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. காற்றைப் பதினெட்டில் ஒரு பங்காக அமுக்கினால், வெப்பம் சற்றும் வெளியேறாதிருந்தால், 27 டிகிரியில் உள்ள காற்று ஏறத்தாழ 680 டிகிரிக்குச் சூடாக வேண்டும். உண்மையில் குறைவாகவே ஏறும். என்றாலும் டீசல் தானே பற்றிக்கொள்ள அது போதும். செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் அமுக்கிய வெப்பம் சிலிண்டரின் குளிர்ந்த சுவருக்குள் ஓடிவிடுகிறது. ஆக, பெட்ரோல் வண்டியைவிட டீசல் வண்டிக்கு நல்ல பேட்டரி அதிகம் தேவை. டீசல் முற்றும் தீர்ந்து நின்ற டிராக்டருக்கு மறுபடி எண்ணெய் ஊற்றினாலும் அது கிளம்பாது. குழாயில் காற்றுக் குமிழி புகுந்திருக்கும். பம்ப் தள்ளும்போது குமிழி சுருங்குமே தவிர, இன்ஜெக்டரைத் திறக்கும் அழுத்தம் எழாது. திருகாணியைத் தளர்த்தி, கைப்பம்பால் தள்ளி, நுரை நின்று எண்ணெய் மட்டும் வரும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும்.

செல்ஃப் அடிக்கவே கூடாத வேளை

காற்று சுருங்குவதால் வரும் தொல்லை அது. தண்ணீர் சுருங்காததால் வரும் ஆபத்து அதைவிடப் பெரியது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையிலும் நம் மாவட்டத்திலும் ஏராளமான வண்டிகள் நீரில் மூழ்கின. நீர் வடிந்ததும் பலரும் செய்த முதல் வேலை, 'கிளம்புகிறதா பார்ப்போம்' என்று சாவியைத் திருகியதுதான்.

கணக்குப் போடுவோம். 800 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள மூன்று சிலிண்டர் எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு ஏறத்தாழ 266. அமுக்க விகிதம் 9 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வந்தபின் மேலே மிஞ்சும் இடம் 266-ஐ 8-ஆல் வகுத்தது, அதாவது சுமார் 33 கன சென்டிமீட்டர். இரண்டு மேசைக்கரண்டி அளவு! அதற்கு மேல் தண்ணீர் புகுந்திருந்தால் பிஸ்டன் உச்சியை எட்ட வழியே இல்லை. தண்ணீரை நூற்றில் ஒரு பங்கு சுருக்கவே இருநூறு வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் வேண்டும். 'டொக்' என்று செல்ஃப் நின்றுவிட்டால் அதிர்ஷ்டம். விடாமல் அடித்தாலோ, வண்டியைத் தள்ளி கியரில் விட்டாலோ, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் தண்ணீரை உறிஞ்சினால் சேதம் இன்னும் கடுமையாக இருக்கும்.

வெள்ளத்தில் நின்ற வண்டியின் பேட்டரி இணைப்பை முதலில் கழற்ற வேண்டும். எஞ்சின் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை இழுத்துப் பாருங்கள். எண்ணெய் மோர்போல வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்துவிட்டது. பிளக்குகளைக் கழற்றிவிட்டு மெக்கானிக் எஞ்சினைக் கையால் சுற்றும்போது, அந்தத் துளைகள் வழியே தண்ணீர் பீய்ச்சி அடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். எண்ணெயையும் காற்று வடிகட்டியையும் மாற்றிய பிறகே சாவியைத் தொடலாம்.

அண்ணன் மகள் அன்று மாலை ரயிலில் திரும்பி வந்தாள். தேர்வு நன்றாக எழுதியதாகச் சொன்னாள். வாசலில் ஓடிக்கொண்டிருந்த காரைப் பார்த்துவிட்டு, "நீங்களா சித்தப்பா சரி பண்ணினீங்க?" என்று கேட்டாள். இல்லை என்றேன். கெட்டுப்போன கண்டென்சரை அவளிடம் காட்டி, தூண்டு சுருளின் கதையைச் சொன்னேன். அந்தக் கண்டென்சரைப் பெரியவரிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். இன்றும் எங்கள் கல்லூரி ஆய்வகத்தின் மேசை இழுப்பறையில் அது கிடக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் முதலாண்டு மாணவர்களிடம் கொடுத்து, 'இது நல்லதா, கெட்டதா?' என்று கேட்பேன். கருவியில் இணைத்து அளப்பார்கள். 0.2 மைக்ரோஃபாரட் என்று சரியாகக் காட்டும். நல்லது என்று எழுதிக்கொடுத்துவிடுவார்கள். யாராவது ஒருவர், கார் அதிர்வதைப்போல அதன் கம்பியை விரலால் இலேசாக ஆட்டிப் பார்த்தால், அளவு சட்டென்று பூஜ்யத்துக்கு இறங்கும். கம்பி குப்பிக்குள் நுழையும் இடத்தில் உள்ளிணைப்பு விட்டுப்போயிருக்கிறது.